பவள நாளுக்கு ஓர் உடை

சந்தியாகு காலையில் எழுந்ததும் முதல் வேலையாக நீச்சலுடைகளுக்குச் சாப்பாடு வைத்தார். முந்தின நாள் வடித்த கஞ்சியில் ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்து, சமையல் மேடையில் வரிசையாக இருந்த ஏனங்களில் கரண்டி கரண்டியாக ஊற்றினார். கஞ்சி பட்டதும் பச்சை உடை மெல்லச் சுருங்கி விரிந்தது. பழுப்பு உடை இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. கோடு போட்டது நேற்றிலிருந்தே சரியாகச் சாப்பிடவில்லை. அதன் தோள் ஓரம் வெளிறிப்போயிருந்தது. அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"ஏங்க, மாவு கலக்க ஒரு ஏனமாவது விட்டு வையுங்க," என்றாள் அமலோற்பவம், அடுப்புப் பக்கமிருந்து. "வீட்டுல மனுசரு ரெண்டு பேரு. குளிக்கிற துணி ஏழு."

"இன்னைக்கு முடிவு பண்ணிருவேன் அமலு."

"இதைத்தான் தவக்காலத்துலயும் சொன்னிய. ஈஸ்டரே முடிஞ்சு போச்சு."

அந்த நாளைய தூத்துக்குடியில் இது யாரும் திரும்பிப் பார்க்கிற காட்சி இல்லை. நூல் உதிர்க்கிற துணி எதுவும் கடலில் இறங்கக்கூடாது என்று சட்டம் வந்து இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. பழைய நீச்சலுடைகள் உதிர்த்த கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்களை மீன் தின்றது, மீனை மனிதர் தின்றார்கள், கடைசியில் எல்லார் இரத்தத்திலும் அந்தக் காலத்துக் கடற்கரை விடுமுறைகள் ஓடிக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு நீச்சலுடையை யாரும் நெய்யவில்லை, வளர்த்தார்கள். கடற்பாசியின் நாரோடு உயிருள்ள நுண்பாசியைச் சேர்த்து வளர்த்த துணிக்குப் பாசியாடை என்று பெயர். வெயிலில் இருந்தால் அது தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்ளும். வீட்டுக்குள் இருந்தால் கஞ்சி கேட்கும். கிழிந்தால் தானே கூடிவிடும். ஆயுள் முடிந்தால் கறிவேப்பிலைச் செடிக்கு உரமாகும்.

கடலில் இறங்க இத்தனை கட்டுப்பாடு இருந்ததற்குக் காரணம் பவளம். கரைக்கு எதிரே இருந்த தீவுகள் முங்கிப் போனபின், அவற்றைச் சுற்றி இறந்து கிடந்த பவளப் பாறையை ஊர்க்காரர்களே மறுபடி வளர்த்து வந்தார்கள். பதிவு செய்த ஒவ்வொரு தம்பதிக்கும் ஒரு பவள நாள் கிடைக்கும். இருவரும் சேர்ந்து முக்குளித்து, கடலடியில் இருக்கும் இரும்புச் சட்டத்தில் இரண்டு பவளக் கன்றுகளைக் கட்டிவிட்டு வர வேண்டும். சந்தியாகுவும் அமலோற்பவமும் கல்யாணமான வருடம் பதிவு செய்தார்கள். வரிசை நகர்ந்து நகர்ந்து, வெள்ளி விழா வருடத்தில் அவர்கள் முறை வந்திருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை. இதை விட்டால் அடுத்த முறை வரும்போது முக்குளிக்கிற வயதில் இருவரும் இருக்கமாட்டார்கள்.

அந்த ஒரு நாளில் மனைவியோடு சேர்ந்து இறங்க வேண்டும் என்பதைத் தவிர சந்தியாகுவுக்கு வேறு ஆசை இல்லை. அதனால்தான் உடை விஷயத்தில் அவர் தவறு செய்ய விரும்பவில்லை.

அவர் துறைமுகத்தில் கொள்முதல் அதிகாரி. மூன்று விலைப்புள்ளிகளை வாங்கி ஒப்பிடாமல் அவர் கையெழுத்திட்ட கோப்பு கிடையாது. அந்தப் பழக்கம் அலுவலக வாசலோடு நிற்கவில்லை. ஒரு கோடையில் வீட்டுக்கு மின்விசிறி வாங்குவதற்காக ஒப்பிட ஆரம்பித்தார். விசிறி வந்து இறங்கிய அன்று ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அதை இன்றைக்கும் அமலோற்பவம் உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஒப்பிடுவதற்கு அவருக்கு உதவியாக இருந்தது செவித்துணை. காதின் பின்னெலும்பில் பதித்த, அரிசி அளவுக் கருவி. குரலெழுப்பிக் கேட்க வேண்டியதில்லை. மூடிய உதட்டுக்குள் நாக்கு அசைந்தால் போதும், கேள்வியைப் பிடித்துக்கொள்ளும். எடுத்துப்போய்த் துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கும், கணினிகள் அடுக்கிய சிந்தனைக்கூடத்தில் கொடுத்து, விடையோடு திரும்பி வந்து காதுக்குள் சொல்லும். எல்லார் காதிலும் ஒன்று இருந்தது. ஆனால் சந்தியாகுவைப் போல அதை வேலை வாங்கியவர் அந்தத் தெருவில் இல்லை.

சட்டத்தில் குனிந்து கட்டும்போது எந்த உடையின் கழுத்து மேலே ஏறாது? நீரோட்டத்தை எதிர்த்து உதைக்கும்போது எது முட்டியில் சுருளாது? மேனியில் பூசும் களிம்பு எதுவும் பவளத்துக்கு ஆகாது; அப்படியானால் முழுக்கை நல்லதா, முக்கால் கை போதுமா? உப்பு நீரில் எதன் ஆயுள் அதிகம்? அந்த ஆயுளைக் கணக்கிட்டவர் யார்? அவரை நம்பலாமா? பல் தேய்க்கும்போது கேட்டார், பஸ்ஸில் கேட்டார், ஞாயிறு பூசையில் பிரசங்கத்தின்போது உதட்டை மூடிக்கொண்டு கேட்டார். மூன்று மாதம் இப்படி நடந்தது.

அமலோற்பவத்துக்கும் அவரே தேர்ந்தெடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். அவள் காத்திருந்து பார்த்துவிட்டு, மணப்பாட்டில் இருக்கும் அக்காவிடம், பாசி அடங்கிப்போய்க் கஞ்சி கேட்காத ஒரு பழைய பாசியாடையை வாங்கி வந்துவிட்டாள். அக்கா அவளை விட மெலிந்த உடம்பு. ஆனால் தைத்தவர் ரவிக்கைக்கு விடுகிற மாதிரி இரண்டு பக்கமும் உள்ளே துணி விட்டு, வரிசையாக மூன்று தையல் ஓட்டியிருந்தார். அமலோற்பவம் இரண்டு தையலைப் பிரித்தாள். உடை சரியாக இருந்தது.

"பழசைப் போட்டுட்டா வரப்போற?" என்று சந்தியாகு வருத்தப்பட்டார்.

"கடல் மட்டும் என்ன, புதுசா?" என்றாள்.

சனிக்கிழமை மாலை அவர் முடிவெடுத்தார். பச்சை உடை. முழுக்கை, முட்டி வரை நீளம், நன்றாகச் சாப்பிடுகிற சாதி. பார்ப்பதற்காக வரவழைத்த மற்ற ஆறையும் கடைகளின் பறக்கும் பெட்டிகள் வந்து திருப்பி எடுத்துக்கொண்டு போயின.

ஞாயிற்றுக்கிழமை காலை கடற்கரை வாசலில் அவர்களுக்கு முன்னால் நான்கைந்து ஜோடிகள் நின்றார்கள். வாசல் என்பது ஒரு வளைவு. அதற்குள் புகுந்து வெளியே வரும்போது, உடுத்தியிருக்கும் உடை இந்த உலகத்திடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொண்டிருக்கிறது என்று அது சொல்லிவிடும். அதைச் சுவடு என்பார்கள். காவலுக்கு இருந்தவன் கொர்னேலி. அவன் வேலை முக்கால்வாசி, வாசல் சொன்னதை ஊர்த் தமிழில் திருப்பிச் சொல்வதுதான்.

அமலோற்பவம் முதலில் போனாள்.

"உடையின் சுவடு எப்போதோ தீர்ந்துவிட்டது. தேர்வின் சுவடு எதுவுமில்லை. செல்லலாம்," என்றது வாசல்.

"இப்படி நான் கேட்டதே இல்ல மயினி," என்றான் கொர்னேலி. "எப்படித் தேடிப் பிடிச்சிய?"

"எங்கக்காகிட்ட கேட்டேன். பீரோவுல கெடக்கு, வந்து எடுத்துக்கோன்னா."

அடுத்து சந்தியாகு. பரீட்சைக்கு நன்றாகப் படித்துவிட்டு வந்தவரின் நடை.

"உடையின் சுவடு, ஓர் இளநீர் அளவு. நூல் உதிர்வு இல்லை. அசைவுக்கு மிகப் பொருத்தம். இந்தப் பருவத்தில் இந்த வாசல் கண்ட மிகச் சிறந்த உடை. பாராட்டுகள்."

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் கூடக் கை தட்டினார்கள். கைதட்டல் அடங்கியதும் வாசல் தொடர்ந்தது.

"தேர்வின் சுவடு. இந்த உடையைத் தேர்ந்தெடுக்கக் கேட்கப்பட்ட கேள்விகளுக்காகச் சிந்தனைக்கூடத்தைக் குளிர்வித்த கடல்நீர், நாற்பது தொட்டி லாரி. அனுமதி இல்லை."

வளைவு முழுதும் சிவப்பாயிற்று.

"எப்பா, அது தப்பால்லா சொல்லுது," என்றார் சந்தியாகு. "நான் கேட்டது பூரா கடலுக்கு எது நல்லதுங்கிறதைத்தான்."

"அது சரிதான் அண்ணாச்சி. கேட்டுக் கேட்டே கடலுக்கு வெந்நி போட்டிருக்கிய." கொர்னேலி தெற்கே கையை நீட்டினான். கடலோரம் நீளமாகக் கிடந்தது சன்னலே இல்லாத அந்தக் கட்டடம். "இங்கன உறிஞ்சுற தண்ணி அந்தாக்குல சூடா வெளியே வருதா, நீரோட்டம் அதை நேரே பவளத்துக்குக் கொண்டு போவுது. வடக்குப் பாத்தி பூரா வெளுத்துக் கெடக்கு. அங்கதான் இன்னைக்கு உங்களுக்கு இரும்புச் சட்டம்."

சந்தியாகு அந்தக் கட்டடத்தைத் தினமும் பார்த்தபடியேதான் வேலைக்குப் போவார். அதனிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார். அது எப்படி வேர்க்கிறது, வேர்வை எங்கே போகிறது என்று மட்டும் கேட்கத் தோன்றியதில்லை.

"வேற வழியே இல்லையா தம்பி?" என்றாள் அமலோற்பவம். "இருவத்தஞ்சு வருசம் காத்துக் கெடந்திருக்கோம்."

கொர்னேலி வாசலைத் தட்டி ஏதோ பார்த்தான். "இருக்கு மயினி. அமைதிக் கழிவுன்னு ஒண்ணு, சும்மா இருந்தா சுவட்டுல கழிச்சுக்கிடும். சாயங்காலம் எறங்குற தொகுதி வரைக்கும் அண்ணாச்சி செவித்துணைகிட்ட ஒரு கேள்வி கேக்கக்கூடாது. அணைச்சுப் போட்டா கணக்குல சேராது. அது முழிச்சிருக்கணும், இவிய சும்மா இருக்கணும். இருந்துட்டா வாசல் பச்சை காட்டும். ஒண்ணே ஒண்ணு கேட்டாலும் போச்சு."

"அவ்வளவுதானா?" என்றார் சந்தியாகு.

"அவ்வளவுதான்," என்ற கொர்னேலி, அமலோற்பவத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "நீங்க வேணா இப்பவே போய்க் கட்டிட்டு வந்துருங்க மயினி. ஒருத்தரு தேறாட்டா மத்தவரே ரெண்டையும் கட்டலாம். எதுக்குச் சந்தேகத்துல நிக்கிய?"

"நான் அவியகூடத்தான் எறங்குவேன். சாயங்காலத்துக்கே மாத்திப் போடுங்க," என்றாள் அவள்.

அவள் தன் செவித்துணையை அணைத்துவிட்டு, கரையோரத் தடுப்புக்குள் நீந்தப் போனாள். தேறியவர்களுக்கு அங்கே அனுமதி உண்டு. சந்தியாகு மணலில் உட்கார்ந்தார். பவளத்துக்காக வளர்த்த பாசியாடை சும்மா கிடைத்த வெயிலைக் குடித்துப் பளபளத்தது.

கேள்விகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. அலை விளிம்பில் ஓடுகிற அந்தச் சின்னப் பறவைக்கு என்ன பெயர்? அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். கொர்னேலி என்ற பெயர் எந்த மொழியிலிருந்து வந்தது? நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வைத்தார். காலையில் கதவைப் பூட்டினோமா? செவித்துணை காதுக்குள் மெல்ல மூச்சு விட்டபடி காத்துக்கொண்டிருந்தது. வாசலில் நின்று அழைப்பு மணியில் கை வைத்திருக்கிற விருந்தாளி மாதிரி.

ஒரு கல்லூரிப் பெண் வந்து செருப்பைக் கழற்றி அவர் பக்கத்தில் வைத்தாள். "அங்கிள், கொஞ்சம் பாத்துக்கிடுங்க." கரையெங்கும் பெட்டகங்கள் உண்டு, கைரேகை வைத்தால்தான் திறக்கும். களவு என்ற சொல்லையே அந்தத் தலைமுறை பாடத்தில்தான் படித்திருந்தது. ஆனாலும் கடற்கரையில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒருவரைக் கண்டதும் ஜனங்களுக்குக் கை தானாகச் செருப்புக்குப் போயிற்று. உச்சிப் பொழுதில் அவரைச் சுற்றி ஒரு சின்னச் செருப்புக்கடை விரிந்திருந்தது.

அமலோற்பவம் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவித்த பனங்கிழங்கை உரித்து அவர் கையில் கொடுத்தாள்.

"என்ன, உயிரு இருக்கா?"

"இருக்கு. வாய்தான் நமநமங்குது. ஏட்டி, மனுசர்கிட்ட கேக்கலாம்லா?"

"மனுசரு என்ன, குளுகுளு வசதியிலயா கெடக்கோம்? கேளுங்க."

என்ன கேட்பதென்று அவருக்குத் திடீரென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கிழங்கின் நாரைப் பிய்த்தார்.

"நீ எங்க இப்படி நீந்தப் படிச்ச?"

"இப்பத்தான் கேக்கத் தோணிச்சாக்கும்." அவள் சிரித்தாள். பிறகு சொன்னாள். அவள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெண்கள் நீச்சல் குளத்தில், மூன்று மாதமாக, வேலை விட்டதும். முதல் வாரம் குடித்த தண்ணீரில் இராத்திரிச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை. காலைத் தரையிலிருந்து எடுக்கவே பயம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்டிலில் விழுகிற மாதிரி விழு என்று ஒருத்தி சொன்னாள். அன்றைக்கு விழுந்தவளைத் தண்ணீர் தாங்கிக்கொண்டது.

"தண்ணி தாங்குன அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துட்டு," என்றாள். "வீட்டுக்கு வந்து உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சேன். நீங்க முழுக்கையா முக்கால் கையான்னு பாத்துட்டு இருந்திய."

சந்தியாகு தலையைக் குனிந்துகொண்டார். "அமலு, ஒண்ணு சொன்னா சிரிக்கக்கூடாது. தினமும் நீ ஈரத் தலையோட வந்தியா. மனைவியின் முடி ஏன் எப்போதும் ஈரமாக இருக்கிறதுன்னு நான் செவித்துணைகிட்ட கேட்டேன்."

"அய்யோ மாதாவே! என்ன சொல்லிச்சு?"

"பதினோரு காரணம் சொல்லிச்சு. ஒண்ணு தைராய்டு."

அவள் மணலில் சாய்ந்து விழுந்து சிரித்தாள். செருப்பைத் தேடி வந்த கல்லூரிப் பெண் காரணம் தெரியாமலே கூடச் சிரித்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு பேச்சு தானாக ஓடிற்று. கேள்வி கேட்டால் இவள் உடனே விடை சொல்வதில்லை என்பது அவருக்குப் புதிதாக இருந்தது. ஒன்று கேட்டால் வேறொன்றைச் சொன்னாள். இடையில் திருப்பிக் கேட்டாள். பாதியில் நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்தாள். ஒரு விஷயத்தைத் தெரியாது என்றே சொன்னாள். செவித்துணை அவரிடம் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் துறைமுகக் கான்டீனில் இப்படிப் பேசியிருக்கிறார்கள் என்பது நினைவு வந்தது. அந்தப் பறவையின் பெயரை அவளிடம் கேட்டார்.

"உங்களை மாதிரி ஒரு ஆளு," என்றாள். "தண்ணி வந்தா ஓடுது, தண்ணி போனா பின்னாலயே ஓடுது."

வெயில் தாழ்ந்தது. செருப்புகள் ஒவ்வொன்றாக உரியவர்களோடு போய்ச் சேர்ந்தன. வாசலின் சிவப்பு மங்கி, மஞ்சளாகி, ஓரத்தில் பச்சை எட்டிப் பார்த்தது. கொர்னேலி தூரத்திலிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். அவனுக்கே நம்ப முடியவில்லை.

பவளக் கன்றுகள் இரண்டும் நீர்ப்பெட்டியில் தயாராக வந்து சேர்ந்தன. அமலோற்பவம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் தோளில் சாய்ந்தாள். பேசி முடித்த நிறைவு இருவரிடமும் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கப் போகிறோம் என்று சந்தியாகு நினைத்தார். அந்த நினைப்பே நெஞ்சுக்குள் அலை மாதிரி ஏறிற்று. பொறுக்க முடியாத சந்தோஷத்தில், மூடிய உதட்டுக்குள் அவர் நாக்கு அசைந்தது.

இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது?

"நல்ல கேள்வி," என்றது செவித்துணை, நாள் முழுதும் காத்திருந்த அன்போடு. "அமைதிக் கழிவு முடிய மிகக் கொஞ்ச நேரமே இருந்தது. இப்போது வாய்ப்பு முடிந்துவிட்டது. இதுபோன்ற காத்திருப்புகளைச் சமாளிக்கும் வழிகளை ஒப்பிட்டுக் காட்டட்டுமா?"

வாசல் சிவந்தது. கொர்னேலி இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டான்.

அமலோற்பவம் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள். "என்னாச்சு? என்ன கேட்டிய?"

"எவ்வளவு நேரம் இருக்குன்னு," என்றார் அவர். "உன்கூட எறங்க இன்னும் எவ்வளவு நேரம்னு."

அவள் அவரைப் பார்த்தாள். கோபம் வந்து, வந்த வழியே திரும்பிப் போனது முகத்தில் தெரிந்தது.

"நான் பக்கத்துலதான இருந்தேன்?" என்றாள்.

அவள் எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டாள். போகிறபோது அவர் தலைமுடியை ஒரு தடவை கலைத்துவிட்டுப் போனாள். இரண்டு கன்றையும் அவளே கட்ட வேண்டும். வாசல் அவளுக்குப் பச்சை காட்டிற்று. முழங்கால் தண்ணீரில் அவள் நின்று கண்ணாடியை மாட்டுவதைப் பார்த்ததும் சந்தியாகு எழுந்துவிட்டார். உதட்டைத் திறந்து, கரையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படிக் கத்தினார்.

"ஏட்டி அமலு! எப்ப வருவ?"

அவள் திரும்பினாள். ஒரு விரலால் காதைத் தட்டிக் காட்டினாள்.

"கேட்டுச் சொல்லுதேன்!" என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே தண்ணீருக்குள் போனாள்.